ஸ்டீயரிங்கில் வந்து வந்து போகும் 'டக்' சத்தம்: ராக்கைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

நீங்கள் எழுதியதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நாலு மாதமாக ஸ்டீயரிங்கில் 'டக்' என்று ஒரு தட்டல். பேவர் பிளாக் போட்ட தெருவில் மெதுவாகப் போய் லேசாக ஒடிக்கும்போது கையிலேயே அடிக்கிறது. பைபாஸில் இல்லை. சில நாள் காலையிலிருந்து ராத்திரி வரை வராது, பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினால் அன்றைக்குச் சுத்தமாக வராது. ஒரு பட்டறையில் இரண்டு லிங்க் ராடும் (சஸ்பென்ஷனையும் ஸ்டெபிலைசர் பாரையும் இணைக்கும் சின்னக் கம்பி) இரண்டு டை ராட் எண்டும் (ஸ்டீயரிங்கிலிருந்து வரும் கம்பி சக்கரத்தோடு சேரும் முனை ஜாயின்ட்) மாற்றினார்கள். ஒரு வாரம் அமைதி, பிறகு பழையபடி. அலைன்மென்ட் கடையில் "ராக் போயிருச்சு, மாத்திருங்க" என்கிறார்கள். ராக் என்றால், ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது இடமும் வலமும் நகர்ந்து சக்கரங்களைத் திருப்புகிற பல் கம்பி. அதை மாற்றலாமா, அதுவரை ஓட்டலாமா என்று கேட்கிறீர்கள். இதற்குள்ளே இன்னொரு கேள்வி இருக்கிறது, அதற்குப் பதில் கிடைத்தால்தான் மற்ற இரண்டுக்கும் கிடைக்கும்: இஷ்டத்துக்கு வந்துபோகிற சத்தத்தை எப்படிப் பிடிப்பது?

கோவையில் 26 வருடமாகக் கார் வேலை பார்க்கிறேன், அதில் பாதிக்கு மேல் சஸ்பென்ஷனும் ஸ்டீயரிங்கும்தான். வண்டியில் கை வைக்காமல் 'இந்தப் பார்ட்தான்' என்று என்னால் சொல்ல முடியாது, யார் சொன்னாலும் நீங்கள் நம்பவும் வேண்டாம். எந்த வரிசையில் பார்ப்பது, எதைக் கண்டால் வண்டியை அங்கேயே நிறுத்துவது, இவை இரண்டையும் உறுதியாகச் சொல்லலாம்.

முதலில், ஏன் வந்து வந்து போகிறது என்பது. கீல் தேய்ந்த பழைய கதவை நினைத்துக்கொள்ளுங்கள். காற்று ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்கும் வரை கதவு சும்மா நிற்கும். காற்று மாறி மாறி வீசும்போதுதான் 'டப் டப்' என்று அடிக்கும். தேய்ந்த ஜாயின்ட்டும் அப்படித்தான். உள்ளே இடைவெளி எப்போதும் இருக்கிறது. ஒரே திசையில் விசை அழுத்திக்கொண்டிருந்தால் இரும்பு ஒரு பக்கமாக ஒட்டி நிற்கும், சத்தம் வராது. விசை திசை மாறுகிற நொடியில் அந்த இடைவெளியைத் தாண்டிப் போய் எதிர்ப்பக்கம் மோதும். அந்த மோதல்தான் உங்கள் 'டக்'. பேவர் பிளாக்கில் சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் முன்னும் பின்னும் உதறப்படுவதால் விசை நொடிக்குப் பலமுறை மாறுகிறது. பைபாஸில் அப்படி மாறுவதில்லை, மாறினாலும் டயர் சத்தத்தில் அமுங்கிவிடுகிறது. அதனால் சத்தம் போட்டது எது என்பதைவிட, சத்தம் வந்த நொடியில் எந்த விசை திசை மாறியது என்று கேட்டால் பதில் சீக்கிரம் கிடைக்கும்.

இதற்கு மேல் சூடும் ஈரமும் இருக்கின்றன. காலைக் குளிரில் ரப்பர் புஷ் (இரும்புப் பாகங்களுக்கு இடையில் உள்ள மெத்தை) விறைப்பாகவும் கிரீஸ் கெட்டியாகவும் இருக்கும், வெயிலில் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு இரண்டும் இளகிவிடும். பால் ஜாயின்ட் என்பது ஒரு குண்டு கிண்ணத்துக்குள் சுழலும் இணைப்பு, பூட் அதை மூடும் ரப்பர் உறை. பூட் கிழிந்த பால் ஜாயின்ட்டில் மழைத் தண்ணீர் புகுந்தால் ஓரிரு நாள் சத்தம் அடங்கி, காய்ந்ததும் முன்னைவிடப் பலமாக வரும். அம்பாசிடர், பத்மினி காலத்தில் முன்பக்க ஜாயின்ட்டுகளில் நிப்பிள் இருந்தது, கிரீஸ் கன் வைத்து அழுத்தினால் கொஞ்ச நாள் ஓடும். இன்றைய ஜாயின்ட்டுகள் சீல் போட்டு வருகின்றன, பூட் கிழிந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

பட்டறையில் ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதற்கு நான் பலமுறை பார்த்த ஒரு காரணம் உண்டு. இப்போது எல்லா இடத்திலும் டூ போஸ்ட் லிஃப்ட். வண்டியைத் தூக்கியதும் முன்சக்கரம் இரண்டும் தொங்கும், ஷாக் அப்சார்பர் முழுதாக நீண்டுவிடும், சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் கீழே இறங்கி நிற்கும். ரோட்டில் வண்டியின் எடையைத் தாங்கி நிற்கும் கோணம் வேறு, இந்தக் கோணம் வேறு. தரையில் நிற்கும்போது ஆட்டம் காட்டுகிற ஜாயின்ட், தொங்கும்போது இறுகிப்போய் நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். ஸ்டீயரிங் சத்தத்துக்கு வண்டி தன் எடையில் தரையில் நிற்க வேண்டும், மெக்கானிக் அதற்கு அடியில் இருக்க வேண்டும். அதற்குப் பழைய காலத்துக் குழிதான் நல்லது. குழி உள்ள பட்டறை உங்கள் ஊரில் ஒன்றாவது இருக்கும், தேடுங்கள். இல்லையென்றால் சக்கரம் தட்டில் ஏறி நிற்கிற ஃபோர் போஸ்ட் லிஃப்ட்.

பட்டறைக்குப் போகும் முன் நீங்களே செய்யக்கூடிய சில வேலைகள். டிக்கியில் ஜாக்கி, ஸ்பேனர், ஸ்டெப்னி எல்லாம் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். நாலு சக்கரத்து நட்டையும் வீல் ஸ்பேனரால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். சில்லறை விஷயமாகத் தோன்றும், ஆனால் அலைன்மென்ட்டுக்கும் டயர் ரொட்டேஷனுக்கும் போய் வந்த வண்டிகளில் நட் லூசாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பிறகு, சத்தம் வருகிற அதே தெருவில் இரண்டு ஓட்டம். முதல் ஓட்டம் எப்போதும் போல. இரண்டாவது ஓட்டத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, பிரேக் பெடலை மிக லேசாகத் தொட்டபடி அதே வேகத்தில் போங்கள். சத்தம் நின்றுவிட்டால் அது பெரும்பாலும் ஸ்டீயரிங் இல்லை; காலிப்பர் (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) பின்னோ பிரேக் பேடோ தன் இடத்தில் ஆடிக்கொண்டிருக்கலாம். இந்த ஒரு சோதனை எத்தனையோ பேருக்கு ராக் செலவை மிச்சப்படுத்தியிருக்கிறது.

அடுத்தது ஸ்பீட் பிரேக்கர். நேராக, இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறும்படி ஒருமுறை. பிறகு ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கி ஏறும்படி ஒருமுறை. வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பார் முறுக்கப்படுவது, ஒரு சக்கரம் ஏறி இன்னொன்று ஏறாமல் இருக்கும்போதுதான். நேராக ஏறும்போது அமைதி, ஒரு பக்கமாக ஏறும்போது 'கட கட' என்றால் லிங்க் ராடும் பார் புஷ்ஷும் சந்தேகத்துக்குரியவை. உங்கள் லிங்க் ராட் புதியது, ஆனால் பார் புஷ்ஷை மாற்றியதாக நீங்கள் எழுதவில்லை, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டிலும் சத்தம் வந்தால் ஷாக்கின் மேல் மவுண்ட், மேல் நட், லோயர் ஆர்ம் புஷ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

காதில் கேட்பதும் கையில் உணர்வதும் வேறு வேறு. இரும்பில் சத்தம் எங்கிருந்தும் எங்கும் ஓடும்; இடது லோயர் ஆர்மில் வரும் சத்தம் வலது டேஷ்போர்டில் கேட்கும். காது சொல்லும் இடத்தை நான் பெரிதாக நம்புவதில்லை. ஸ்டீயரிங் வளையத்தில் விரலுக்கு அடிக்கிறது என்றால், அந்த மோதல் ஸ்டீயரிங்கின் சங்கிலித் தொடரில் எங்கோ நடக்கிறது என்பதற்கு ஓரளவு வலுவான அடையாளம்: காலம் (column, ஸ்டீயரிங் வளையம் பொருந்தியிருக்கும் தண்டு), அதிலிருந்து இறங்கும் இன்டர்மீடியட் ஷாஃப்ட், அதன் இரண்டு முனையிலும் உள்ள யூனிவர்சல் ஜாயின்ட், ராக்கை நகர்த்தும் சின்னப் பல்சக்கரமான பினியன், ராக், உள் பால் ஜாயின்ட், டை ராட் எண்ட். நீங்கள் 'கையிலேயே அடிக்கிறது' என்று எழுதியதால்தான் லிங்க் ராட் எனக்கு முதலிலிருந்தே அவ்வளவு பொருத்தமாகத் தெரியவில்லை. அது பெரும்பாலும் பாடியிலும் கால் வைக்கிற இடத்திலும்தான் கேட்கும்.

இனி குழிக்குள். வண்டி தரையில், சக்கரம் நேராக, இன்ஜின் ஆஃப், சாவி ஆனில் இருந்து ஸ்டீயரிங் லாக் விடுபட்டிருக்க வேண்டும். ஒருவர் ஸ்டீயரிங்கைப் பிடித்து இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் இடமும் வலமும் சட் சட்டென்று ஆட்ட வேண்டும். சக்கரம் திரும்பக் கூடாது, டயரின் பிடிப்பை எதிர்த்து ஜாயின்ட்டுகள் மட்டும் அசைய வேண்டும். இன்னொருவர் ஒவ்வொரு ஜாயின்ட்டாகக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். கண்ணால் பார்த்தால் தெரியாத ஆட்டம் விரலில் தெரியும். நல்ல ஜாயின்ட்டில் இரண்டு பக்க இரும்பும் ஒன்றாக அசையும். தேய்ந்ததில் ஒரு பக்கம் முன்னே போய், நெல் உமி அளவு தாமதத்தில் மறுபக்கம் 'டிக்' என்று பின்தொடரும். அந்தத் தாமதம் விரல் நுனியில் ஒரு சின்னக் குத்தல் மாதிரி வரும். ஒருமுறை உணர்ந்துவிட்டால் பிறகு மறக்காது.

இதை எப்போதும் மேலேயிருந்து தொடங்குகிறேன், அதாவது டிரைவர் காலுக்கு மேலே டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ஜாயின்ட்டிலிருந்து. இதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் வண்டி அளவிலான பல ஹேட்ச்பேக்குகளில் பவர் ஸ்டீயரிங் மோட்டார் காலத்திலேயே இருக்கிறது. பழைய ஹைட்ராலிக் வண்டிகளில் உதவி விசை ராக்கில் கிடைத்தது, இடையில் உள்ள ஷாஃப்ட்டுக்கு நம் கை விசை மட்டும்தான். மோட்டார் காலத்தில் இருந்தால் அது தள்ளுகிற விசை முழுவதும் அந்த மெல்லிய ஷாஃப்ட் வழியாகவும் இரண்டு ஜாயின்ட் வழியாகவும்தான் கீழே இறங்க வேண்டும். அதனால் அங்கே தேய்மானம் வருவது இயல்பு, ஆனால் வண்டிக்கு அடியில் மட்டும் தேடுகிறவர்கள் கண்ணில் அது படுவதே இல்லை.

சில வருடம் முன்னால் பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு டீச்சரம்மா வந்தார். உங்கள் வண்டி மாதிரியே சத்தம். வேறொரு இடத்தில் ராக்கையே புதிதாக மாற்றி, பெரிய தொகை கொடுத்துவிட்டு வந்திருந்தார். "ஏனுங்க, புது ராக் போட்டும் அப்படியேதான் இருக்குதுங்க, வண்டியை வித்துரலாமுங்களா?" என்றார். கண்ணில் தண்ணீர் வராத குறை. நான் டிரைவர் சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டு மல்லாந்து படுத்து, போன் டார்ச்சை மார்பில் வைத்துக்கொண்டு, இன்டர்மீடியட் ஷாஃப்ட் ஜாயின்ட்டைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கவ்விப் பிடித்தேன். பையன் ஸ்டீயரிங்கை ஆட்டினான். மூன்றாவது ஆட்டத்தில் விரலில் 'டிக்'. ஜாயின்ட்டைச் சுற்றிச் சிவப்பாக மெல்லிய துருப் பொடி ஒட்டியிருந்தது, இரும்பு இரும்போடு உரசினால் வருகிற பொடி. 12 ஸ்பேனரை போல்ட்டில் வைத்துத் திருப்பினேன், ஒன்றரைச் சுற்று சும்மா சுற்றியது. விசாரித்தால், ஏழு மாதம் முன்னால் கிளட்ச் வேலை நடந்திருக்கிறது. முன்சக்கர டிரைவ் வண்டிகள் பலவற்றில் கிளட்ச்சுக்காக, இன்ஜினுக்கு அடியில் உள்ள சட்டமான சப்ஃப்ரேமை இறக்கும்போது இந்த ஜாயின்ட்டைக் கழற்றுவார்கள். திரும்பப் பூட்டியவர் போல்ட்டை முழுதாக இறுக்கவில்லை. ராக் மாற்றியவரும் கீழ் ஜாயின்ட்டைக் கழற்றி மாட்டினாரே தவிர மேலே உள்ளதைத் தொடவில்லை. அந்த போல்ட் ஷாஃப்ட்டில் உள்ள ஒரு பள்ளத்தில் உட்காரும் அமைப்பு என்பதால் ஷாஃப்ட் கழன்று விழாமல் இருந்தது. போல்ட்டை இறுக்கியதோடு நான் விடவில்லை. அத்தனை மாதம் ஆடியதில் பற்கள் தேய்ந்திருந்தன, ஷாஃப்ட்டை மாற்றித்தான் கொடுத்தேன்.

அதனால் உங்களிடம் என் முதல் கேள்வி: சத்தம் தொடங்குவதற்கு முந்திய ஓராண்டில் கிளட்ச், கியர்பாக்ஸ், சப்ஃப்ரேம், டேஷ்போர்டு என்று எதையாவது கழற்றினார்களா? ஆம் என்றால் இன்றைக்கே அந்த இரண்டு போல்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். நாளைக்கு என்று தள்ள வேண்டாம்.

அங்கே ஒன்றும் இல்லை என்றால் கீழே இறங்கலாம். டை ராட் எண்ட் புதியதாக இருந்தாலும் அதன் நட்டில் முறுக்கு இருக்கிறதா, ஸ்பிலிட் பின் போடுகிற வகை என்றால் பின் இருக்கிறதா என்று பாருங்கள். உள் பால் ஜாயின்ட் பெல்லோஸ் என்கிற மடிப்பு மடிப்பான ரப்பர் உறைக்குள் மறைந்திருக்கும். பெல்லோஸை வெளியிலிருந்து அழுத்திப் பிடித்து ஜாயின்ட்டைக் கையில் உணர்ந்தபடியே ஸ்டீயரிங்கை ஆட்டினால் தெரிந்துவிடும். டை ராட் எண்ட் மாற்றும்போது இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

ராக்குக்குள்ளேயே சத்தம் வரக்கூடிய இடங்கள் முக்கியமாக இரண்டு. நம் நாட்டு வண்டிகளில் ஸ்டீயரிங் வலது பக்கம் என்பதால் பினியனும் வலது பக்கம் இருக்கும், ராக்கின் இடது முனையை ஒரு பிளாஸ்டிக் புஷ் தாங்கும். அது தேய்ந்தால் ராக் பார் மேலும் கீழும் தட்டும். இடது பெல்லோஸ் பக்கம் பாரைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரியும். இந்தப் புஷ் தனியாகக் கிடைக்கும் மாடல்களும் உண்டு, கிடைத்தால் முழு ராக் தேவையில்லை. இரண்டாவது, பினியனுக்குப் பின்னால் ராக்கை ஸ்பிரிங் வைத்து அழுத்திப் பிடிக்கிற யோக். அதில் அட்ஜஸ்ட் செய்கிற நட் இருக்கும். 'கொஞ்சம் டைட் பண்ணிட்டா போதும்' என்று யாராவது சொன்னால் கவனமாக இருங்கள். நாம் பெரும்பாலும் நேராகவே ஓட்டுவதால் ராக்கின் பற்கள் நடுவில்தான் அதிகம் தேயும். நடுவில் உள்ள ஆட்டம் போகும் வரை இறுக்கினால், தேயாத ஓரங்களில் ராக் இறுகிவிடும். ஒடித்த ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது. வால்பாறைப் பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் அப்படி ஒரு வண்டியை ஓட்டிப் பார்க்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். நட்டைத் தொட்டால் கொஞ்சமாகத் திருப்பி, முழு இடம் முழு வலம் ஒடித்துப் பார்த்து, ஓட்டிப் பார்த்து ஸ்டீயரிங் தானாகத் திரும்புவதை உறுதி செய்ய வேண்டும்.

சந்தேகத்துக்கு இடமான ஒன்று காலத்தில் உள்ள மோட்டாரின் புழுப்பல் சக்கரமும் (worm gear) மோட்டாரை அதனோடு இணைக்கும் ரப்பர் கப்ளிங்கும். அதே இரண்டு விரல் ஆட்டத்தை இன்ஜினை ஆன் செய்து ஒருமுறை, ஆஃப் செய்து ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். மோட்டார் உதவும்போது மட்டும் ஸ்டீயரிங்குக்குக் கீழேயே 'டொக்' என்றால் சந்தேகம் அங்கே போகிறது. ஆனால் இது முடிவான சாட்சி இல்லை. நல்ல நிலையில் உள்ள சில வண்டிகளிலும் அங்கே சன்னமான சத்தம் உண்டு. அதே மாடலில் இன்னொரு வண்டியை ஆட்டி ஒப்பிட்டுப் பார்க்காமல் நான் முடிவு சொல்வதில்லை.

ஷாக் மேல் மவுண்ட்டையும் விட வேண்டாம். மேக்பெர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்பு) உள்ள வண்டியில் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது ஷாக்கும் சேர்ந்து சுற்றும், மேலே உள்ள பேரிங் அதற்காகத்தான். நின்ற இடத்தில் முழுதாக ஒடிக்கச் சொல்லி, விரல் சுருளுக்கு இடையில் போகாமல் உள்ளங்கையை ஸ்பிரிங்கின் வெளிப்புறத்தில் வையுங்கள். ஸ்பிரிங் சீராகத் திரும்பாமல் முறுகி நின்று 'டொய்ங்' என்று துள்ளினால் பேரிங் போயிருக்கிறது.

ஒரு வாரம் ஏன் அமைதியாக இருந்தது? இரண்டு காரணங்கள் தோன்றுகின்றன, இரண்டும் ஊகம்தான். புதிய டை ராட் எண்ட் இறுக்கமாக இருக்கும். அந்த இறுக்கம் தொடரில் இன்னொரு இடத்து ஆட்டத்தைக் கொஞ்ச நாள் அமுக்கியிருக்கலாம். அல்லது அந்த வாரம் மழை பெய்திருக்கலாம், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். எப்படியானாலும் மாற்றிய பார்ட்டுகள்தான் குற்றவாளி என்பதற்கு அந்த ஒரு வாரம் சாட்சி ஆகாது.

அலைன்மென்ட் கடைக்காரரிடம், ராக் போனதை எதை வைத்துச் சொன்னார் என்று கேளுங்கள். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி இடமும் வலமும் ஆட்டி, 'பிளே' இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அது போதாது. அந்த ஆட்டத்தில் உள் ஜாயின்ட், வெளி ஜாயின்ட், ராக், வீல் பேரிங் எல்லாம் கலந்து வரும். பெல்லோஸில் கை வைத்துப் பார்த்தாரா என்று கேளுங்கள். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டியும் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்து, ஒருவர் பிரேக்கை மிதித்ததும் அது மறைந்தால் பேரிங். மிதித்தும் இருந்தால் லோயர் பால் ஜாயின்ட் பக்கம் பார்க்க வேண்டும்.

ஓட்டலாமா என்ற கேள்விக்கு. லிங்க் ராட், பார் புஷ், ஷாக் மவுண்ட் ஆகியவற்றின் ஆரம்பத் தேய்மானம் என்றால் சில நாள் நிதானமாக ஓட்டலாம். லோயர் பால் ஜாயின்ட், டை ராட்டின் இரண்டு முனைகள், இன்டர்மீடியட் ஷாஃப்ட் போல்ட், இவற்றில் ஒன்றில் ஆட்டம் உறுதியானால் ஓட்டவே கூடாது. பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் வெளியே சாய்ந்துவிடும், ஷாஃப்ட் விடுபட்டால் ஸ்டீயரிங் கையில் சும்மா சுற்றும். இரண்டிலும் ஓட்டுகிறவரால் வண்டியைத் திருப்பிக் கட்டுப்படுத்த முடியாது. எது என்று தெரியாத இந்த நாட்களில், முதல் வேலையாக இந்த நாலு இடத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், சத்தத்தைப் பிறகு தேடலாம். அதுவரை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வெளியூர் போக வேண்டாம். சத்தம் பலமானாலோ, ஸ்டீயரிங் நடுவில் முன்னைவிட அதிகம் சும்மா ஆடினாலோ, நேராகப் போகும்போது வளையம் கோணலாக நின்றாலோ ஓரமாக நிறுத்தி ரிக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள்.

பட்டறையில் ட்ரையல் பார்க்கும்போது நீங்களே ஓட்டுங்கள், மெக்கானிக் பக்கத்தில் உட்காரட்டும். அந்தச் சத்தத்தை வரவைக்கத் தெரிந்தவர் நீங்கள்தான். லோயர் ஆர்ம் புஷ் மாற்ற நேர்ந்தால், அதன் போல்ட்டை வண்டி எடையில் நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு முறுக்கச் சொல்லுங்கள். தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுகியே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும். டை ராட் பக்கம் எதைத் தொட்டாலும் அலைன்மென்ட் மறுபடி பார்க்க வேண்டும். இன்ஜின் ஆன், ஆஃப் ஆட்டத்தில் கிடைத்ததையும், பிரேக்கைத் தொட்டபடி ஓட்டியபோது கேட்டதையும், கிளட்ச் வேலை நடந்ததா என்பதையும் எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு அடுத்து எங்கே கை வைப்பது என்று சொல்கிறேன்.